புதுக்கோட்டையின் காலி ஆசனம்

ஒரு சங்கத்தைப் பார்வையிடச் செல்லும்போது, கையிருப்பு ரொக்கத்தை எண்ணி முடித்தவுடன் நாம் கேட்டு வாங்குவது தீர்மானப் புத்தகமே. நூல் இருப்பையும் துணி இருப்பையும் சற்றுப் பொறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். சங்கத்தின் நாடி தீர்மானப் புத்தகத்தில்தான் ஓடுகிறது. பன்னிரண்டு மாதமும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், "வாசித்து அங்கீகரிக்கப்பட்டது" என்று ஏடு ஏடாக நிரம்பிய புத்தகங்களை நாம் கண்டதுண்டு. டைரக்டர்கள் அனைவரும் எல்லாக் கூட்டங்களுக்கும் வந்ததாகக் கையொப்பமும் இருக்கும். வேறொரு சங்கத்தில் புத்தகம் மெலிந்திருக்கும், வருகையும் குறைவு. ஆயினும் அதில் ஒரு டைரக்டர் சித்திரையில் நூல் கொள்முதல் விலையைப் பற்றிக் கேட்டிருப்பார். வைகாசியில் அதையே மறுபடியும் கேட்டிருப்பார். ஆடியில் விடை வந்து, விலையும் குறைந்திருக்கும். இவ்விரண்டில் எது நல்ல சங்கம் என்று நெசவாளருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பாராளுமன்ற அங்கத்தினர்களின் வேலையையும் இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும் என்பது நமது கருத்து. எத்தனை நாள் சபைக்கு வந்தார், எத்தனை வினாக்கள் விடுத்தார், எத்தனை விவாதங்களில் பேசினார் என்னும் கணக்கு, எவரும் கைப்பேசியிலேயே காணக்கூடியதாய் இக்காலத்தில் வெளியாகிறது. தேர்தல் நெருங்கியதும் பத்திரிகைகள் அதைப் பட்டியலாக்கி, முதல் மாணாக்கன் யார், கடைசி மாணாக்கன் யார் என்று வரிசைப்படுத்தி விடுகின்றன. வெளியாவது நன்றே. ஆனால் ஓர் எண் எதனால் உயர்ந்தது, எதனால் தாழ்ந்தது என்பதையும் உடன் வைத்துப் படித்தல் வேண்டும். மந்திரியானவர் வினா விடுப்பதில்லை. வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுவதுமில்லை. அவர் பெயருக்கு நேரே உள்ள பூஜ்யத்தைக் கண்டு அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியுமா? வேறொரு வகைப் பூஜ்யமும் உண்டு. அதற்கு உதாரணம் தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை.

1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்தது. 1952-ல் நிறைவேறிய முதற் பொதுத் தேர்தலில் புதுக்கோட்டை என்ற பெயராலேயே ஒரு லோக்சபைத் தொகுதி ஏற்பட்டு, வழக்கறிஞர் முத்துசாமி வல்லத்தரசு கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சியின் சார்பில் டில்லி சென்றார். அவருக்குப் பின் 1957-ல் காங்கிரஸின் ஆர். இராமநாதன் செட்டியார். 1962-லும் 1967-லும் ஆர். உமாநாத்.

உமாநாத் இம்மண்ணில் பிறந்தவரல்லர். காசர்கோட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, படிப்பை இடையில் விட்டுப் பொதுவுடைமை இயக்கத்தில் இறங்கி, திருச்சிப் பொன்மலையிலும் சுற்றுப்புறங்களிலும் தொழிற்சங்க ஊழியராக வளர்ந்தவர். எதிர்க்கட்சியின் ஆசனத்திலிருந்து பேசியவர். பின்வரிசை அங்கத்தினர் என்று நாம் சொல்வது ஆசனத்தின் எண்ணைக் கருதியன்று. கோப்பில் உத்தரவு எழுதும் அதிகாரம் எதுவும் கையில் இல்லாதவர், வாயொன்றே கருவியாக உடையவர் என்பதே பொருள்.

1962 அக்டோபரில் சீனப் படையெடுப்பை முன்னிட்டு அவசர நிலை பிரகடனமாயிற்று. இந்தியப் பாதுகாப்பு விதிகள் அமுலுக்கு வந்தன. 1964-ல் கம்யூனிஸ்டுக் கட்சி இரண்டாகப் பிளந்தது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் மார்க்ஸிஸ்டுப் பிரிவினர் நாடெங்கும் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். உமாநாத்தும், அண்டைத் தொகுதியாகிய திருச்சிராப்பள்ளியின் அங்கத்தினர் கே. ஆனந்த நம்பியாரும் சென்னை சர்க்காரின் உத்தரவினால் சிறை புகுந்தனர். அடுத்தடுத்த இரண்டு தொகுதிகள் ஒரே சமயத்தில் வாயிழந்தன.

அது எப்படிப்பட்ட ஆண்டு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1965 ஜனவரியில் உணவுக் கார்ப்பொரேஷன் தோன்றி, நமக்குப் பக்கத்து ஜில்லாவாகிய தஞ்சாவூரில் தன் வேலையைத் தொடங்கிற்று. விவசாய விளைபொருள் விலைக் கமிஷனும் அதே மாதத்தில் ஏற்பட்டது. நெல்லுக்கு சர்க்கார் விலை கூறும் காலம் அப்போதுதான் பிறந்தது. ஜனவரி இறுதியில் ஆட்சிமொழிக் கிளர்ச்சியால் தமிழகம் கொந்தளித்தது. செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர். இவை யாவும் சபையில் பேசப்பட்டபோது, கண்மாய்ப் பாசனத்தையும் வானத்தையும் நம்பி வாழும் புதுக்கோட்டை விவசாயிக்காகப் பேச வேண்டியவர் சிறைக் கொட்டடியில் இருந்தார். அவ்வாண்டுக்கு மட்டும் அவருடைய வருகைக் கணக்கை எடுத்தால் என்ன மதிப்பெண் கிடைக்கும்?

இருவரும் சுப்ரீம் கோர்ட்டுக்கு மனுச் செய்தனர். நாம் பாராளுமன்ற அங்கத்தினர். ஜனாதிபதியின் அழைப்பின்பேரில் சபைக்குச் செல்வதும், பேசுவதும், வாக்களிப்பதும் அரசியல் சட்டம் நமக்கு அளித்த உரிமைகள். அவற்றைத் தடுக்கும் காவல் உத்தரவு செல்லாது என்பது அவர்களது வாதங்களுள் தலையானது. தலைமை நீதிபதி கஜேந்திர கட்கர் தலைமையில் அமர்ந்த கோர்ட்டு 1965 அக்டோபரில் மனுக்களைத் தள்ளிவிட்டது. சட்டப்படி பிறந்த காவல் உத்தரவின் முன் பாராளுமன்ற அங்கத்தினர் சாதாரணப் பிரஜையைக் காட்டிலும் உயர்ந்த அந்தஸ்து எதையும் கோர முடியாது. சபைக்குச் செல்வது அடிப்படை உரிமையன்று என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கத்தினர் என்பதற்காக ஒருவருக்குத் தனிச் சட்டம் வேண்டுமென்று நெசவாளி எவரும் சொல்லமாட்டார். ஆனால் அங்கே விசாரிக்கப்பட்டது அங்கத்தினரின் உரிமை மட்டுமே என்பதுதான் நமது குறை. அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய லட்சக்கணக்கான வாக்காளர்களின் உரிமை வழக்கில் கட்சிக்காரராக இல்லை. சங்கத்தின் தலைவர் மேல் நடவடிக்கை எடுத்தால் துணைத்தலைவர் கூட்டம் நடத்துகிறார். நிர்வாகக் குழு கலைக்கப்பட்டால் தனி அதிகாரி வருகிறார். சங்கம் ஒரு நாளும் ஆளின்றி இருப்பதில்லை. தொகுதிக்கோ அப்படிப்பட்ட ஏற்பாடு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இதே ஆனந்த நம்பியார் முன்னொரு காலத்தில் சென்னைச் சட்டசபை அங்கத்தினராயிருந்து காவலில் இருந்தபோது, சபாநாயகருக்கு எழுதிய கடிதங்களைச் சிறையதிகாரிகள் நிறுத்தி வைத்தனர். சென்னை ஹைகோர்ட்டு அதைக் கண்டித்து, அங்கத்தினர் சபையோடு கடிதம் எழுதித் தொடர்பு கொள்வதைத் தடுக்க நிர்வாகத்துக்கு அதிகாரமில்லை என்று கூறிற்று. சபைக்குச் செல்ல இயலாதவரும் தபாலில் பேசலாம் என்ற அளவுக்கு அது ஓர் ஆறுதல்.

உமாநாத் பின்னர் விடுதலையானார். 1967-ல் அதே தொகுதியில் மீண்டும் நின்று வென்றார். அத்தேர்தலில் வீசிய காற்று தி.மு.க. அணியின் காற்று, அவரது கட்சி அவ்வணியில் இருந்தது. ஆதலின் சிறை சென்றதற்காகவே மக்கள் வாக்களித்தனர் என்று நாம் கதை கட்டப் போவதில்லை. சபைக்கு வரவில்லை என்பதற்காக மக்கள் அவரைத் தள்ளிவிடவில்லை என்ற மட்டில் சொல்லலாம்.

இனி, வாய் திறக்க வாய்ப்புள்ள நாட்களில் ஒரு பின்வரிசை அங்கத்தினரால் ஆகக்கூடியது யாது? தனிநபர் மசோதாவைப் பலர் பெரிதாக எண்ணுகிறார்கள். சுதந்திரம் பெற்றது முதல் இரு சபைகளிலும் நிறைவேறிச் சட்டமானவை பதினான்கே. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-ல். 1996-ல் புதுக்கோட்டையிலிருந்து லோக்சபைக்குச் சென்ற திருச்சி சிவா, பிற்காலத்தில் ராஜ்யசபையில் இருந்தபோது திருநங்கையர் உரிமைக்காகக் கொணர்ந்த மசோதா 2015 ஏப்ரலில் அச்சபையில் நிறைவேறியது ஓர் அரிய செய்தி. அதுவும் லோக்சபையைத் தாண்டவில்லை. 2019-ல் சர்க்கார் தானே வேறொரு சட்டம் செய்தது. விதை ஒருவர் போட, கதிர் வேறொருவர் அறுத்தார். விளைந்ததே என்று திருப்தியடைய வேண்டியதுதான்.

நம்மைப் போன்றோருக்கு உதவுவது வினாவே. நெசவாளருக்குத் தெரிந்த விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நூற்பாலைகள் உற்பத்தி செய்யும் நூலில் ஒரு பகுதியைச் சிட்டா நூலாகக் கட்டித் தர வேண்டுமென்பது விதி. கைத்தறிக்குச் சிட்டா நூல் கிடைக்க அந்த விதியே ஆதாரம். முன்பு நூற்றுக்கு 50 பங்காயிருந்த இக்கடமை 2003-ல் 40 ஆகக் குறைந்தது. 2019-ல் 30 ஆயிற்று. இதற்காகப் பாராளுமன்றத்தில் மசோதா எதுவும் வரவில்லை, வாக்கெடுப்பும் இல்லை. அறிவிக்கை ஒன்று கெஜட்டில் வெளியாயிற்று, அவ்வளவே. 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டதும் இவ்வாறே. இப்படி ஓசையின்றி நடப்பவற்றை ஏன், எதற்காக என்று கேட்க வினா நேரம் ஒன்றைத் தவிர வேறு வழி அரிது.

வினாவிலும் நெருக்கடி உண்டு. ஓர் அங்கத்தினர் ஒரு நாளைக்கு ஐந்து அறிவிப்புகள் வரை கொடுக்கலாம். பதினைந்து நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். குலுக்கலில் எடுத்து, நேரில் விடை கூறுவதற்கு இருபதும், எழுத்து மூலம் விடையளிப்பதற்கு இருநூற்று முப்பதும் அன்றைய பட்டியலில் சேர்க்கப்படும். அந்த இருபதிலும் ஒரு மணி நேரத்தில் எட்டப்படுபவை சிலவே. சபை கூடும் நாட்களும் சுருங்கி வருகின்றன. முதலாவது லோக்சபை தன் ஆயுளில் 677 நாட்கள் கூடிற்று. 2024-ல் முடிந்த பதினேழாவது சபை 274 நாட்களே கூடிற்று. கூலிக்கு நெய்பவர் பாதிக்கும் குறைவான நாட்களே தறியில் உட்கார்ந்தால் வீட்டில் உலை ஏறுமா?

இவ்வளவு குறுகிய வாய்க்காலிலும் நம் ஜில்லாவுக்கு இருந்த ஒரு மடை 2008-ல் அடைபட்டது. தொகுதி மறுவரையறையில் புதுக்கோட்டை லோக்சபைத் தொகுதி ஒழிந்தது. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிராப்பள்ளியோடு சேர்ந்தன, விராலிமலை கரூரோடு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடு, அறந்தாங்கி இராமநாதபுரத்தோடு. ஆறு சட்டசபைத் தொகுதிகள் நான்கு பங்காயின. 2009 தேர்தலில், வாக்களிக்க விரும்பவில்லை என்று சாவடியிலேயே எழுதிக் கொடுத்து மனவருத்தத்தைத் தெரிவித்தவர்கள் நம் ஊர்களில் உண்டு.

ஒருவருக்குப் பதில் நால்வர் கிடைத்தார்களே, லாபந்தானே என்று சிலர் சொல்வர். நாம் அப்படி எண்ணவில்லை. நான்கு தொகுதிகளிலும் நாம் ஓரத்தில் இருக்கிறோம். 2020-ல் மாநில சர்க்கார் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் நம் ஜில்லாவின் ஐந்து ஒன்றியங்கள் சேர்க்கப்பட்டன: அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி. 2017-ல் நெடுவாசலில் விவசாயிகள் ஹைட்ரோ கார்பன் திட்டத்தை எதிர்த்து உட்கார்ந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு ஒப்பந்தம் தருவது மத்திய சர்க்கார். ஆகவே கேட்க வேண்டிய இடம் டில்லி. ஆனால் அறந்தாங்கிக்காரர் கேட்க வேண்டியவர் இராமநாதபுரத்து அங்கத்தினர். ஆலங்குடிப் பக்கத்தவர் சிவகங்கை அங்கத்தினரிடமும், கறம்பக்குடிப் பேரூரார் திருச்சி அங்கத்தினரிடமும் போக வேண்டும். மண் ஒன்று, நிலத்தடி நீர் ஒன்று. மனு மட்டும் மூன்று. சென்ற முறை நாம் பார்வையிட்ட ஒரு சங்கத்தில், முதிய நெசவாளர் ஒருவர், "ஐயா, நம்ம எம்.பி. யாருங்க?" என்று கேட்டார். சங்கத்தின் எல்லை இரண்டு தொகுதிகளில் பரவியிருந்தமையால், அவர் வீடு எந்த ஊரில் என்று கேட்டறியாமல் நம்மால் விடை சொல்ல முடியவில்லை.

மூன்று ஆண்டுகள் முன்னும் பின்னுமாகப் போனால் மறதி வந்துவிடும் என்பதால், 2023-ல் நடந்ததை இங்கே எழுதி வைக்கிறோம். அவ்வாண்டு டிசம்பர் 13-ஆம் தேதி லோக்சபையின் பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் சபைக்குள் குதித்து வண்ணப் புகை பரப்பினர். அதைப் பற்றி உள்துறை மந்திரி சபையில் அறிக்கை தர வேண்டுமென்று எதிர்க்கட்சியினர் பதாகை ஏந்திக் கூச்சலிட்டனர். 14-ஆம் தேதி தொடங்கி, அவர்கள் வரிசை வரிசையாக இடைநீக்கம் செய்யப்பட்டனர். லோக்சபையில் மட்டும் நூறு பேர். 14-ஆம் தேதி கரூரின் ஜோதிமணி. 18-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியின் திருநாவுக்கரசரும் இராமநாதபுரத்தின் நவாஸ் கனியும். 19-ஆம் தேதி சிவகங்கையின் கார்த்தி சிதம்பரம். இந்நால்வரையும் சேர்த்துப் படித்தால், புதுக்கோட்டை ஜில்லாவின் ஓரங்குல நிலத்துக்கும் அவ்வாரத்தின் கடைசி நாட்களில் லோக்சபையில் ஆள் இல்லை என்பது விளங்கும். திருநாவுக்கரசர் 1999-ல் பழைய புதுக்கோட்டைத் தொகுதியிலேயே வென்றவர் என்பது ஒரு விசித்திரப் பொருத்தம். இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் முன்னரே கொடுத்திருந்த வினாக்களும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. குற்றவியல் சட்டங்களை முற்றும் மாற்றும் மூன்று மசோதாக்கள் அந்நாட்களிலேயே நிறைவேறின.

சர்க்கார் ஊழியராகிய நமக்குக் கட்சி இல்லை, இருக்கவும் கூடாது. சபையின் ஒழுங்கு காக்கப்பட வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. கூட்டத்தில் கூச்சலிடும் டைரக்டரை நாமே வெளியேறச் சொல்லியிருக்கிறோம். பதாகையை உயர்த்தும் கை, அதனால் தன் தொகுதிக்கு ஏற்படும் நஷ்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே சமயத்தில் ஒழுங்கு நடவடிக்கை அங்கத்தினரின் மேல் விழ வேண்டுமேயன்றி, அவரை அனுப்பியவர்களின் வினாவின் மேல் விழலாகாது. உர விலையைப் பற்றியோ நூல் விலையைப் பற்றியோ எழுதிக் கொடுத்த வினா எந்தப் பதாகையையும் ஏந்தவில்லை. 1965-ல் ஒரு பூட்டுக்குப் பின்னே ஒருவர் இருந்தார். 2023-ல் நால்வர் வாசலுக்கு வெளியே நின்றனர். இடைப்பட்ட ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் வாக்காளரின் உரிமையைப் பற்றி எவரும் எதுவும் சேர்த்து எழுதவில்லை.

அமளியால் நமக்கு விளைந்த நஷ்டத்துக்கு இன்னொன்று. பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களின் சட்டத் திருத்தம் 2023 ஜூலை 25-ஆம் தேதி லோக்சபையில் நிறைவேறியது. மாநிலச் சட்டத்தின்கீழ் உள்ள சங்கம் ஒன்று பல மாநிலச் சங்கத்தோடு இணைவதற்கு வழி செய்த திருத்தம் அது. நமது சங்கங்களின் பிற்காலத்தைத் தொடும் விஷயம். மணிப்பூரைக் குறித்த கோஷங்களுக்கிடையே குரல் வாக்கெடுப்பில் முடிந்தது. மணிப்பூரும் பேசப்பட வேண்டியதே. கூட்டுறவும் பேசப்பட வேண்டியதே. இரண்டுமே அன்று சரிவரப் பேசப்படவில்லை.

2024-ல் அந்நால்வரில் மூவர் அதே தொகுதிகளில் மீண்டும் வென்றனர். திருச்சிராப்பள்ளியில் துரை வைகோ வந்தார். ஆகவே நம் சங்கங்கள் யாரிடம் போக வேண்டுமென்பது தெளிவு. எதைக் கொண்டு போவது என்பதுதான் கேள்வி. ஊர்த் திருவிழாவுக்கும் நிழற்குடைக்கும் அங்கத்தினரை அழைக்கிறோம். அவர் டில்லியில் கேட்கத்தக்க ஒரு வினாவை எழுதிக் கொடுத்தோமா? மூன்று மாதத்தில் எத்தனை கட்டுச் சிட்டா நூலுக்கு இண்டெண்டு போட்டோம், எத்தனை வந்தது, எத்தனை நாள் தறி நின்றது என்ற கணக்கு சங்கத்தின் இருப்புப் புத்தகத்தில் கிடக்கிறது. அதை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் எந்த அங்கத்தினரும் மறுக்கமாட்டார். அவருக்கும் வினா வேண்டும்.

விடை வந்தபின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதை அறிந்தவர் சிலரே. மந்திரி "இவ்விஷயம் பரிசீலனையில் உள்ளது" என்று விடை சொல்வாரேயானால், அது சபைக்குக் கொடுத்த வாக்குறுதியாகவே கொள்ளப்படும். மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றினாரா என்று பார்ப்பதற்கென்றே 1953 முதல் லோக்சபையில் ஒரு கமிட்டி இருக்கிறது. பரிசீலனை என்ற சொல்லைக் கேட்டதும் சலித்துக்கொள்ளும் நம்மவர், அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு மூன்றாம் மாதம் மறுபடியும் தம் அங்கத்தினருக்கு எழுதலாம். இதன்றி மனுக் கமிட்டியும் இருக்கிறது. எந்தச் சங்கமும் லோக்சபைக்கு மனுச் செய்யலாம். அங்கத்தினர் ஒருவர் மேலொப்பமிட வேண்டும். தமிழில் எழுதினால் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்.

நம் ஜில்லாச் சங்கங்கள் ஒரே மனுவை நால்வருக்கும் அனுப்புவதே முறை. ஒருவர் சபையில் இல்லாத நாளில் மற்றொருவர் இருக்கக்கூடும். வரும் மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் இதை ஓர் இனமாகச் சேர்த்து, யார் எழுதுவது, யார் விடையைத் தொடர்ந்து கவனிப்பது என்று பெயர் குறித்துத் தீர்மானம் செய்துவிடலாம். நான்கு நகலுக்கும் தபாலுக்கும் ஆகும் செலவைச் சில்லறைச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். பார்வையிட வரும்போது நாம் ஆட்சேபம் எழுதமாட்டோம்.